அம்பு போன பக்கம்

பெட்டியைத் திறந்து வில்லை என் கையில் கொடுத்தபோது மாமா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "குறி பார்க்கற பின்னை மட்டும் தொடாத மச்சான். அது ஒழுங்கா உக்கார பன்னெண்டு வருசம் ஆச்சு."

அவர் ஊருக்குத் திரும்பிப் போன மறுவாரமே நான் தொட்டேன். வேறு வழி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஒஹையோவில் இருக்கிறார். அங்கே செப்டம்பர் கடைசியில் வில் சீசன் ஆரம்பித்தால் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து மான் வேட்டையாடுவார். போன வருஷம் தோளில் ஆபரேஷன். இனி வில் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிற எனக்கு வந்து சேர்ந்தது. இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை மாமாவும் சொன்னார், நானும் சொன்னேன், அக்கா இரண்டு முறை சொன்னாள். வேட்டைக்கான பிளேடு முனைகளை அவர் கொண்டுவரவே இல்லை. மழுங்கின கூம்பு முனை போட்ட எட்டு கார்பன் அம்பு மட்டும். நான் சுடுவது பனியன் வேஸ்ட் அடைத்த கோணி மூட்டையைத்தான்.

இது நம்ம ஊர் திருவிழாவில் ராமர் பிடித்திருக்கிற வில் மாதிரி இருக்காது. காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் முட்டை வடிவத்தில் சக்கரம் மாதிரி கேம் இருக்கும். அமெரிக்காவில் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை வாங்கிய ஐடியா அது. இழுக்கும்போது நடுவில் 60 பவுண்டு கனக்கும். முழுசா இழுத்து முடித்ததும் கேம் திரும்பி முக்கால்வாசி கனத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது 12, 15 பவுண்டுதான். அதனால்தான் நின்று நிதானமாகக் குறி பார்க்க முடிகிறது. இருபத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றவன் நான். அந்த கேமைப் பார்த்தே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குறி பார்க்கிற சாமான்தான் பின் சைட். வில்லின் பிடிக்கு மேலே ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பக்கவாட்டிலிருந்து ஐந்து பின்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒளியிழை மினுக்கும். மேலிருந்து பச்சை, சிவப்பு, மஞ்சள், மறுபடி பச்சை, சிவப்பு. வளையத்தின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ரசமட்டம். நாணில் பீப் என்று ஒரு குட்டி ஓட்டை கட்டியிருக்கும். நாணை முகத்துக்கு இழுத்ததும் அந்த ஓட்டை வழியே பார்த்து, வளையம் ஓட்டைக்குள் வட்டத்துக்குள் வட்டமாக உட்கார்ந்ததும், தூரத்துக்கு ஏற்ற பின்னைக் குறியில் வைக்க வேண்டும். மேல் பின் 20 கஜம், அடுத்தது 30, 40, 50, 60. மாமா கணக்கெல்லாம் கஜம்தான். எம்.சி. ரோட்டில் துணி வாங்குகிற கஜம்தான் இதுவும், மூன்று அடி.

பின் நுனியின் விட்டம் பத்தொன்பது தௌ. அதைக் கேட்டதும்தான் எனக்கு இந்தச் சாமான் மேல் மரியாதை வந்தது. பட்டறையில் தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று. பத்தொன்பது தௌ என்பது அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மயிரிழை குறைவு. என் கண்ணுக்கும் பின்னுக்கும் இடையே முக்கால் மீட்டர் தூரம். பின் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 20 கஜத்தில் அம்பு இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும், 40 கஜத்தில் ஐந்து. இது லேத்துக்காரன் வேலை என்று எனக்குக் கர்வம் வந்துவிட்டது. அந்தக் கர்வம்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

தொட வேண்டி வந்த காரணம் இது. மாமா ஆறடிக்காரர். அவருக்கு இழுப்பு நீளம் 29 இன்ச். எனக்குக் கையை விரித்து அளந்தால் விரல் நுனிக்கு விரல் நுனி 69 இன்ச். அதை இரண்டரையால் வகுத்தால் இருபத்தேழரை வரும். 60 பவுண்டையும் என்னால் ஒழுங்காக இழுக்க முடியவில்லை, வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி இழுத்தேன். அப்படி இழுப்பது பழகாதவனின் அடையாளம் என்று மாமா வீடியோவில் பார்த்துத் திட்டினார். கேமில் இழுப்பைக் குறைத்து, மேலும் கீழும் போல்ட்டை ஒரே அளவு தளர்த்தி 50 பவுண்டுக்கு இறக்கினோம். பீப்பையும் என் கண்ணுக்குத் தக்க இறக்கிக் கட்ட வேண்டியிருந்தது. வேகம் குறைந்தால் அம்பு சீக்கிரம் விழும். சீக்கிரம் விழுகிற அம்புக்கு மாமாவின் பின்கள் எப்படிப் பொருந்தும்?

தொடுவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தேன். வெர்னியரை எடுத்து, மாமாவின் மேல் பின்னிலிருந்து மற்ற ஒவ்வொரு பின்னும் எவ்வளவு தூரம் என்று அளந்து நோட்டில் எழுதினேன். நாலாவது பின் 13.3 மி.மீ. கீழே. ஐந்தாவது 18.2. இந்த எண்கள் பின்னால் வேலைக்கு வரும் என்று அப்போது தெரியாது. செத்தவர் வீட்டுச் சாமானைப் பட்டியல் போடுவது மாதிரி ஒரு மனசு, அவ்வளவுதான். மாமா நல்லாவே இருக்கிறார், அது வேற விஷயம்.

அடுத்த தொல்லை சாவி. சைட்டில் இருக்கிற ஸ்க்ரூ எல்லாம் இன்ச் அளவு. என்னிடம் இருந்த அலன் கீ எல்லாம் மில்லிமீட்டர். 3/32 இன்ச் ஓட்டையில் 2 போட்டால் சும்மா சுற்றும், 2.5 நுழையவே நுழையாது. கட்டாயப்படுத்தினால் ஓட்டை வட்டமாகிவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். பிராட்வே போய் இன்ச் செட் வாங்கி வந்தேன். திருவொற்றியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல் உப்புக்காற்றில் இந்தக் குட்டி ஸ்க்ரூ ஒரே மாதத்தில் பூத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

சுடும் இடம், மணலிப் பக்கம் நண்பன் சூப்பர்வைசராக இருக்கிற கன்டெய்னர் யார்டு. ஞாயிறு காலையில் லாரி வராது. இரண்டு பக்கமும் கன்டெய்னர் அடுக்கு, நடுவில் சந்து, சந்தின் கடைசியிலும் கன்டெய்னர் சுவர். குறுக்கே யாரும் நுழைய முடியாது, இருந்தும் வாயிலில் சங்கிலி போட்டு ஓர் ஆளை நிறுத்தித்தான் சுடுவோம். நாற்பதடி கன்டெய்னர் மூன்று வரிசையாக நின்றால் 120 அடி, அச்சு அசலாக 40 கஜம். ஒரு நாற்பதும் ஒரு இருபதும் சேர்ந்தால் 20 கஜம். கடவுளே எனக்காக அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. (இடைவெளிகளை மறந்துவிட்டேன். டேப் வைத்து அளந்தபோது ஒன்றே கால் அடி உதைத்தது.) மூட்டைக்குப் பின்னால் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைத் தொங்கவிட்டிருக்கிறோம். அது இல்லாத முதல் நாளில் ஓர் அம்பு மூட்டையைத் தாண்டி இரும்பில் மோதி நார் நாராகிவிட்டது. கார்பன் சிம்பு கையில் ஏறினால் மீன்முள் தேவலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு அம்பையும் லேசாக வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துத்தான் நாணில் ஏற்றுகிறேன்.

முதல் ஞாயிறு. அம்பு தொலையக் கூடாது என்று மூன்று கஜத்தில் நின்று மேல் பின்னை வைத்து விட்டேன். மூட்டையில் வரைந்த புள்ளிக்கு நாலு விரல் கீழே போய்ச் செருகியது. சைட் காலி என்று நினைத்து மாமாவைக் கூப்பிட்டேன். நமக்கு ஞாயிறு காலை ஏழு என்றால் அவருக்குச் சனி ராத்திரி ஒன்பதரை. சிரித்தார்.

"கண்ணு எங்க இருக்கு, அம்பு எங்க இருக்கு மச்சான்? நாலு இன்ச்சு கீழ இருந்துதான அம்பு கிளம்புது. மேல ஏறி உன் பார்வைய வந்து தொடவே அதுக்கு தூரம் வேணும். மூணு கஜத்துல நாப்பது கஜப் பின்ன வெச்சு அடி."

பக்கத்தில் இருப்பதற்குத் தூரத்துப் பின். வைத்து அடித்தேன், புள்ளியில் போய் நின்றது.

அப்புறம் பத்து கஜம், பிறகு 20. இங்கேதான் சறுக்கினேன். அம்பு எல்லாம் புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போனது. இடப்பக்கம் போகிற அம்பை வலப்பக்கம் கொண்டுவர, பின்னை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் போனது. இன்னும் தள்ளினேன். மூட்டையையே விட்டு வெளியே போய் ரப்பரில் குத்தியது.

"அம்பு போன பக்கம் பின்ன அனுப்பு" என்றார் மாமா. "இடது போச்சா, பின்னு இடது. மேல போச்சா, பின்னு மேல. கீழ போச்சா, கீழ."

புத்தி ஏற்க மறுத்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் விரலை நீட்டிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பின்னை இடப்பக்கம் நகர்த்திவிட்டால், அதே பின்னைப் புள்ளியில் வைக்க வில்லையே வலப்பக்கம் திருப்பியாகணும். வில் வலது திரும்பினால் அம்பும் வலது போகும். லேத்தில் டூல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் வெட்டும். இங்கே நகர்வது டூல் இல்லை, நான்.

அடுத்து மாமா சொன்ன இன்னொன்று: ஓர் அம்பைப் பார்த்து ஸ்க்ரூவைத் தொடாதே. மூன்று விடு. மூன்றும் கூடி எங்கே விழுகிறதோ அதன் நடுவைப் பார்த்துத்தான் நகர்த்தணும். மூன்றும் மூன்று திசையில் போனால் தப்பு சைட்டில் இல்லை, உன்னிடம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அம்பை நோகவில்லை, பின்னை நொந்துகொண்டிருந்தேன். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு கால் திருகு. அன்று சாயங்காலம் பார்த்தால் பின் கிளம்பின இடத்திலேயே வந்து நின்றது.

முதல் பின்னை வைக்கும்போது தனியாக அதை நகர்த்தக் கூடாது. வளையத்தை முழுசாக நகர்த்த ஒரு பெரிய ஸ்க்ரூ இருக்கிறது, அதில் ஐந்தும் ஒன்றாகப் போகும். 20 கஜத்துக்கு வளையத்தையே நகர்த்தி மேல் பின்னைச் சரி செய். அது நின்ற பிறகு மற்றவற்றைத் தனித்தனியாக, மேலும் கீழும் மட்டும். பக்கவாட்டில் ஐந்தும் ஒரே நூலில் நிற்கணும். அதற்காக மூட்டை மேல் மேஸ்திரி சித்தப்பாவின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நூலைக் குறியாக வைத்து அடித்தால் இடம் வலம் மட்டும் தெரியும், உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

அந்த நூல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. 20 கஜத்தில் நூலுக்கு வலது இரண்டு விரல். பின்னை வலது தள்ளிச் சரி செய்தேன். அதே செட்டிங்கோடு 40க்குப் போனால் மறுபடி வலது, இப்போது மூன்று விரல். கிட்டத்தில் சரி, தூரத்தில் தப்பு. எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஒன்று கெட்டது. வளையமே சாய்ந்திருக்கிறது, ரசமட்டம் பொய் சொல்கிறது என்று முடிவு செய்து, வில்லைப் பட்டறை வைஸில் துணி சுற்றிக் கட்டி, நாணுக்கு நேராகத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். குமிழ் இரண்டு கோட்டுக்கு நட்டநடுவில் நின்றது. பன்னிரண்டு வருஷத்து ரசமட்டம், இம்மி பிசகவில்லை.

கண்டுபிடித்தது ஒன்பதாவது படிக்கிற என் மகள். யார்டுக்கு வந்து போனில் வீடியோ எடுத்தவள், வீட்டில் ஓட்டிக் காட்டினாள். "அப்பா, நீ இழுக்கறப்ப குமிழி நடுவுலதான் இருக்கு. விடறப்ப வில்லு வலது பக்கம் சாயுது. உனக்கே தெரியல." பார்த்தேன். புள்ளியில் பின் உட்கார்ந்ததும் நான் ரசமட்டத்தை மறந்துவிடுகிறேன். மேல் முனை வலது சாய்கிறது. சாய்ந்த வில்லில் பின் அம்புக்கு நேர் மேலே இல்லை, அதனால் தூரம் கூடக் கூட அம்பு விலகிக்கொண்டே போகிறது. என் சாய்வுக்குப் பரிகாரமாக மாமாவின் சைட்டை இரண்டு வாரம் திருகியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு வரிசை பழகினேன். பீப்புக்குள் வளையம், குமிழ், பின், மறுபடி குமிழ், அதற்குப் பிறகுதான் விரல், நாணைப் பிடித்து விடுகிற கருவியின் டிரிக்கர் பக்கம் போகணும்.

பின் ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு டயல் கேஜ் புத்தி, முள் பூஜ்ஜியத்தில் நிற்கும்வரை விடமாட்டேன். பின்னைப் புள்ளியில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தப் பார்த்தால் கை நடுங்க ஆரம்பிக்கும். அது புள்ளியைக் கடக்கிற கணத்தைப் பிடிக்க டிரிக்கரை வெடுக்கென்று தட்டுவேன், அம்பு எங்கோ போகும். மாமா சொன்னது: "ஆடட்டும் விடு. புள்ளியச் சுத்தி ஆடறத நீ பாத்துக்கினே இரு, முதுக மட்டும் இழுத்துக்கினே இரு. எப்ப போச்சுன்னு உனக்கே தெரியக் கூடாது." ஆடுகிற பின்னை நம்பு என்று ஒரு டர்னரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் வேலை செய்கிறது. இன்றும் பத்தில் மூன்று அம்பை வெடுக்கென்றுதான் விடுகிறேன்.

எட்டு மணிக்கு மேல் வெயில் வந்தால் பச்சைப் பின் எரிகிற பல்பு மாதிரி பூத்துவிடும், பத்தொன்பது தௌ நாற்பது தௌவாகத் தெரியும். ஒளியிழையின் பாதி நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றினேன், அடங்கியது. மதியம் கடற்காற்று திரும்பிவிட்டால் நான் மூட்டை கட்டிவிடுவேன். காற்றுக்காகப் பின்னைத் திருகுவது, பக்கத்து வீட்டுச் சண்டைக்காக நம் வீட்டுச் சுவரை இடிப்பது மாதிரி.

30ம் 40ம் ஒரே நாளில் வைத்தேன். வீட்டில் வெர்னியரால் அளந்தால் 20க்கும் 30க்கும் நடுவே 4.4 மி.மீ., 30க்கும் 40க்கும் நடுவே 7.4. உதைத்தது. பின்களின் இடைவெளி கீழே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விரியணும். தூரம் கூடக் கூட அம்பு காற்றில் இருக்கிற நேரம் கூடுகிறது, விழுகிற வேகமும் கூடுகிறது. ஆனால் இப்படித் திடீரென்று பாயக் கூடாது. நடுப் பின் தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் 30ஐ மட்டும் காலை முதல் வேலையாக, கை களைக்கும் முன் வைத்தேன். இப்போது 5.6, 6.2. மனசு ஆறியது. மூன்றையும் இறுக்கி, ஸ்க்ரூ தலையில் மகளின் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தேன். தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

மாமாவின் நாலாவது பின் இப்போது என் மூன்றாவதுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே, பார்வைக்குத் தொல்லையாக நின்றது. கழற்றிப் பொட்டலம் கட்டி வைத்தேன். ஐந்தாவதை அப்படியே விட்டேன். 60 கஜத்துக்கு யார்டில் இடமில்லை, அதன் ஸ்க்ரூவைத் திருக எனக்குக் காரணமும் இல்லை.

மேலிருந்து கீழே சுட்டும் பார்த்தோம், இரண்டு கன்டெய்னர் உயரத்தில் ஏறி. மாமாவின் மரப் பரண் கிட்டத்தட்ட அந்த உயரம்தானாம். சாய்வில் சுடும்போது வளையம் முன்பக்கம் பின்பக்கம் திரும்பியிருந்தால் குமிழ் பொய் சொல்லும், அம்பு பக்கத்தில் போகும். மாமா அதையும் சரியாகவே வைத்திருந்தார். வடசென்னையில் ஏற்ற இறக்கம் என்றால் மேம்பாலம்தான், எனக்கு அது எதற்கு உதவும் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே ஏறி நின்றால் எண்ணூர் பக்கம் புகைபோக்கிகள் தெரிகின்றன. நண்பன் வாட்டர் கேன் டீ கொண்டுவந்தான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, சந்தின் கடைசி அடுக்கை, கன்டெய்னர் தூக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டி எடுத்துப் போயிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சுவர். டேப் போட்டால் 52 கஜம். மூட்டையையும் ரப்பரையும் அங்கே நகர்த்தி, 50 கஜத்தில் நின்றேன்.

50 கஜத்துக்கு எனக்குப் பின் இல்லை. கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். என் இடைவெளி 5.6, 6.2. அடுத்தது 6.5, 6.6 வரணும். மூன்றையும் கூட்டினால் மேல் பின்னிலிருந்து 18.3 அல்லது 18.4 கீழே. முந்தின பக்கத்தைப் புரட்டினேன். மாமாவின் ஐந்தாவது பின்: 18.2.

மாமாவின் 60தான் என் 50.

சிவப்புப் பின்னைப் புள்ளியில் வைத்து மூன்று அம்பு விட்டேன். இரண்டு, புள்ளிக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்தில். மூன்றாவது ஒரு சாண் கீழே, விட்டவுடன் எங்கே போகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன், அதன் பலன். போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எத்தினி கஜம்?"

"அம்பது மாமா."

"அஞ்சாவதத் தொட்டியா?"

"தொடல."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "மூணாவது ஏன் கீழ போச்சு?" என்றார்.